வட்டத்துக்குப் பதினைந்து

எங்கள் வீட்டில் மூன்று கடிகாரங்கள். மூன்றும் பொய் சொல்லும். அதிலும் ஒன்று சொல்லும் பொய்யை இன்னொன்று சொல்லாது.

கூடத்தில் மாட்டியிருக்கும் வட்டக் கடிகாரம் பதினைந்து நிமிஷம் வேகம். சமையலறையில் இருக்கும் சதுரம் ஐந்து நிமிஷம் வேகம். படுக்கையறையில் தலைக்கு மேல் இரண்டு மணியும் கீழே இரண்டு காலுமாக நிற்கிற அலாரம் இருபத்தைந்து. இவை தாமாக ஓடிப்போன வேகம் இல்லை. நானே என் கையால் திருகி வைத்தது. காரணம் என் வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றி இறக்குகிற மனிதர், காலையில் தன்னைக் கட்டிலிலிருந்து இறக்கிக்கொள்ள மட்டும் அரை மணி நேரம் எடுப்பார். கல்யாணமான புதிதில் அவருக்குத் தெரியாமல் கூடத்துக் கடிகாரத்தை ஐந்து நிமிஷம் தள்ளி வைத்தேன். ஒரு வாரம் ஒழுங்காகக் கிளம்பினார். எட்டாம் நாள் கண்டுபிடித்துவிட்டார். ஐந்தைக் கழித்துக்கொண்டு மறுபடி பழைய ஆள். நான் பத்தாக்கினேன், அவர் பத்தைக் கழித்தார். பதினைந்துக்குப் போனதும், "இதோட நிறுத்திக்கலாமா? இன்னும் போனா நாளைக்கு வர்ற பேப்பர் இன்னைக்கே வந்துடும்" என்றார். கூடத்தில் சமாதானம் ஆயிற்று. படுக்கையறையில் சண்டை இருபத்தைந்து வரை போய்த்தான் ஓய்ந்தது.

சமையலறையில் இருக்கிற ஐந்து எனக்கு. எனக்கு ஐந்து போதும்.

ஏனென்றால் நான் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுகிற வேலை. என் ரெஜிஸ்டரில் நான்கு கட்டங்கள்: கிளம்ப வேண்டிய நேரம், கிளம்பிய நேரம், வித்தியாசம், காரணம். காரணத்தை டிரைவர் எழுத வேண்டும். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் நான் எழுதுவேன். பதினோரு வருஷமாக நான் எழுதி வருவது ஒரே வாக்கியம்தான்: ஏற்க இயலாது.

முகத்துக்கு நேரே எல்லோரும் "அக்கா" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு "முள்ளு" என்று பெயர் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயரை வைத்தவர் யார் என்றும் தெரியும். தினமும் தாமதமாக வரும் டிரைவர் ஒருவர் இருக்கிறார். வாத்துக் கூட்டம் ரோட்டைத் தாண்டியது என்பார், கண்டக்டருக்கு விக்கல் என்பார். அவருக்கு நான் வைத்த பெயர் காரணம் அண்ணன். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணன் என்பேன். யார் பெரியவர் என்பது இதுவரை தீரவில்லை.

இப்படிப்பட்ட எனக்கு ஒரே மகள். ஆறரை வயது, இரண்டாம் வகுப்பு. உருண்டை முகம் என்பதால் வீட்டில் பட்டாணி. அந்தத் திங்கட்கிழமை அவள் பையிலிருந்து ஒரு தாள் வந்தது. பத்துக் கடிகாரப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே மணியை எழுத வேண்டும். பட்டாணி பத்தும் எழுதியிருந்தாள். பத்தும் தப்பு. மேலே வட்டமாக ஒரு பூஜ்யம், பின்பக்கம் மிஸ்ஸின் கையெழுத்தில் ஒரு குறிப்பு.

"வகுப்பில் எல்லோரும் மணி பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு அழைத்து வாருங்கள், மறுபடி ஒரு முறை பார்க்கிறேன். அப்போதும் வரவில்லையென்றால் கணக்குப் பாடத்துக்கு அவளை ஒன்றாம் வகுப்போடு உட்கார வைப்பது அவளுக்கே நல்லது."

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். டைம் கீப்பர் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது என்று ஊர் சிரிக்கப் போகிறதே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் கோபம் எப்போதுமே மூக்கு நுனியில்தான் குடியிருக்கும். அன்றைக்கு வாடகையும் கொடுக்காமல் வெளியே வந்துவிட்டது.

லிஃப்ட் பட்டன்கள் வந்த அட்டைப் பெட்டியை அவள் அப்பா வட்டமாக வெட்டி, இரண்டு முள் குத்தி, ஒரு கடிகாரம் செய்து கொடுத்தார். கூடத்தில் அவளை எதிரே உட்கார வைத்து நாலு மணி வைத்தேன்.

"சின்ன முள்ளு எதுல இருக்கு?"

"நாலுல."

"பெரிய முள்ளு?"

"பன்னெண்டுல."

"அப்போ மணி என்ன?"

பட்டாணி அட்டையைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். உதடு லேசாக முணுமுணுத்தது.

"மூணே முக்கால்."

"நல்லாப் பார்த்துச் சொல்லு. நாலுல சின்ன முள்ளு. பன்னெண்டுல பெரிய முள்ளு. மணி என்ன?"

"மூணே முக்கால்மா."

"மக்கு!" என்று கத்திவிட்டேன். "கண்ணு முன்னாடி நாலு இருக்கு, மூணே முக்கால்ங்கிறே! மக்கு! மக்கு!"

"மெதுவா பேசேன், குழந்தை" என்றார் அவள் அப்பா.

"நீங்க பேசாதீங்க. மணிக்கும் உங்களுக்கும் இருக்கிற சம்பந்தம் ஊருக்கே தெரியும். அந்த ரத்தம்தானே!"

அட்டைக் கடிகாரத்தைத் தூக்கி மூலையில் போட்டேன். பட்டாணி அழவில்லை. எழுந்து போய் அதை எடுத்து, வளைந்த முள்ளை நேராக்கி, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் மறுபடி கேட்டபோது, "தெரியாது" என்றாள். அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

அவள்தான் எங்கள் வீட்டில் மணியைப் பற்றி அதிகம் பேசுகிறவள். "அப்பா வர எவ்வளவு நேரம் இருக்கு? இப்போ மணி என்ன? அப்போ என்ன ஆகும்?" என்று காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டே இருப்பாள். திங்கட்கிழமையோடு அது நின்றது. கூடத்தைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள், கடிகாரம் அவளைத் திட்டிவிடும் என்பதைப் போல. புதன்கிழமை காலையில் நான் அடுப்படியில் கை வேலையாக இருந்தபோது, பழக்க தோஷத்தில் "மணி என்னடி?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் மக்கு" என்றாள்.

கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. பெயர் கேட்டால் பெயர் சொல்வதைப் போலச் சொன்னாள். வாயிலிருந்து போன வார்த்தையைத் திரும்ப வாங்க எந்த ரெஜிஸ்டரிலும் கட்டம் இல்லை.

அந்தத் தாளை வேலைக்கு எடுத்துப் போனேன். எங்கே தவறுகிறாள் என்று பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் எப்படியாவது சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். வியாழக்கிழமை பகல் பதினோரு மணி வண்டி போன பிறகு அரை மணி நேரம் எனக்கு ஓய்வு. தாளை விரித்தேன். கை சும்மா இருக்காதே, வழக்கப்படி ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டேன். சொல்ல வேண்டிய மணி, சொன்ன மணி, வித்தியாசம்.

மூன்று மணி. அவள் எழுதியது இரண்டே முக்கால். வித்தியாசம் பதினைந்து. ஏழரை. அவள் எழுதியது ஏழு ஐந்து. வித்தியாசம் இருபத்தைந்து. ஐந்து மணிக்கு நாலு ஐம்பத்தைந்து. வித்தியாசம் ஐந்து. பத்தேகாலுக்குப் பத்து. மறுபடி பதினைந்து.

பத்தையும் எழுதி முடித்துப் பார்த்தேன். வித்தியாசக் கட்டத்தில் பதினைந்து, இருபத்தைந்து, ஐந்து, இந்த மூன்றைத் தவிர வேறு எண்ணே இல்லை.

பதினோரு வருஷமாகத் தாமதங்களோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். தெரியாமல் நடக்கிற தவறு சில்லறையாகத்தான் வரும்: மூன்று, எட்டு, பதினொன்று. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பார். யார் அந்த ஆள் என்று படங்களைப் பார்த்தேன். பதினைந்து வந்த இடத்திலெல்லாம் வட்டக் கடிகாரம். ஐந்து வந்த இடத்தில் சதுரம். இருபத்தைந்து வந்த இடத்தில், தலையில் மணியும் கீழே இரண்டு காலுமாக ஓர் அலாரம் நின்றுகொண்டு என்னைப் பார்த்தது.

அந்த ஆள் நான்தான்.

குழந்தை என்ன செய்வாள்? பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். அப்பா வட்டத்தைப் பார்ப்பார், எட்டு பத்து என்று இருக்கும், "ஏழு அம்பத்தஞ்சு ஆச்சு" என்பார். அம்மா அலாரத்தைப் பார்ப்பாள், ஏழு என்று இருக்கும், "ஆறு முப்பத்தஞ்சு, எழுந்திரிங்க" என்பாள். மணி பார்ப்பது என்றால் பார்த்துவிட்டுக் கழிப்பது என்று எடுத்துக்கொண்டாள். எதற்கு எவ்வளவு என்று தானாகவே கண்டுபிடித்து, மனப்பாடம் செய்து, ஒன்றுவிடாமல் சரியாகக் கழித்திருக்கிறாள். அவளைத்தான் நான் மக்கு என்றேன். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

ஜன்னல் கம்பியில் யாரோ தட்டினார்கள். காரணம் அண்ணன் கையெழுத்துப் போட வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"அக்கா, என்னக்கா அழறீங்க? நான் ரெண்டு நிமிஷம்தானே லேட்டு?"

அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னபோது முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தாளைக் கையில் வாங்கிப் பத்துப் படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இருபத்தஞ்சைக் கழிக்கிறாளா? எனக்கே அதுக்கு விரல் வேணும்" என்றார்.

பட்டாணியை மடியில் உட்கார வைத்தேன். விறைப்பாக உட்கார்ந்தாள்.

"வட்டத்துக்கு எவ்வளவு கழிப்பே?"

"பதினஞ்சு."

"சதுரத்துக்கு?"

"அஞ்சு."

"கால் வச்சதுக்கு?"

"இருபத்தஞ்சு. அதுதான் கஷ்டம்."

"பள்ளிக்கூடத்துல இருக்கிறதும் வட்டம்தானே. அங்க சாப்பாட்டு மணி தப்பா அடிக்குதேன்னு உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு" என்றாள். "மணி அடிக்கிறவருக்குக் கழிக்கத் தெரியலைன்னு நினைச்சேன். பாவம்னு சொல்லாம விட்டுட்டேன்."

அவள் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

நான் சொன்னேன்: "செல்லம், நீ பண்ணினது எதுவும் தப்பில்ல. நாங்க கடிகாரத்தையெல்லாம் தப்பா வச்சிருந்தோம். உன்னை மக்குன்னு சொன்னேன் பாரு, அது அம்மா பண்ணின பெரிய தப்பு. அம்மாவை மன்னிச்சுடு."

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நான் மக்கு இல்லையா?"

"இல்லவே இல்ல."

"அப்போ யாரு?"

சமையலறை வாசலில் நின்றிருந்த அவள் அப்பா, தன்னையும் என்னையும் மாறி மாறிக் காட்டினார். பட்டாணிக்குச் சிரிப்பு வந்தது. நான்கு நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு.

அவள் பார்க்கப் பார்க்க மூன்று கடிகாரத்தையும் சரியான மணிக்கு வைத்தோம். பதினைந்தையும் ஐந்தையும் இருபத்தைந்தையும் அவள்தான் சொன்னாள், அவள் அப்பா முள்ளைத் திருப்பினார். முடிந்ததும் கேட்டாள்.

"இப்போ இது நம்ம மணியா, நிஜ மணியா?"

"நிஜ மணி. இனிமே எந்தக் கடிகாரத்துலயும் எதையும் கழிக்க வேண்டாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்படியும் அவளுக்கு முழு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. சாப்பிடுவதற்குள் மூன்று அறைக்கும் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. என் வேலைக்கு ஒன்பது இருபது வரை அனுமதி வாங்கியிருந்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இருபது நிமிஷ நடை. எட்டு நாற்பதுக்கு முன்னால் படியிறங்கிவிட வேண்டும் என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தோம். அவள் அப்பாவும் வருவதாகச் சொன்னார், பாதி முகத்தில் நுரையோடு கண்ணாடி முன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நான் நிதானமாக என் புடவைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். பட்டாணி ஷூவும் பையுமாக வாசலில் நின்றாள்.

"அம்மா, எட்டு முப்பத்தெட்டு."

நிமிர்ந்து கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். "அப்போ இன்னும் நேரம் கிடக்குடி. எட்டு இருபத்தி மூணுதான் ஆகுது."

"இன்னும் ஒரு ரவுண்டு பாட்டு இருக்கு பட்டாணி" என்றார் கண்ணாடி முன் நின்றவர்.

"இல்லம்மா. எட்டு முப்பத்தெட்டு."

"சும்மா இருக்க மாட்டே? எனக்கா மணி பார்க்கத் தெரியாது?" குரல் உயர்ந்துவிட்டது. அந்தப் பழைய குரல்.

அவள் பைப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான்கு நாளைக்கு முன்னால் என்றால் தலையைக் குனிந்திருப்பாள். இன்று குனியவில்லை.

"நீ சத்தியம் பண்ணினே. எந்தக் கடிகாரத்துலயும் கழிக்க வேண்டாம்னு சொன்னே. நீதான் கழிக்கிறே."

கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டுதான். ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிறவள் என் வீட்டுக் கூடத்தில் மணி தெரியாமல் நின்றேன்.

"ஏங்க! நிஜ மணிங்க! ஓடி வாங்க!"

அதற்கப்புறம் நடந்ததைத் தெருவே பார்த்தது. ஒரு பக்கம் மழித்த முகமும் ஒரு பக்கம் தாடியுமாக அவர், பாதி பெட்டி போட்ட புடவையில் நான், எங்களுக்கு நாலடி முன்னால் பட்டாணி. அவர் அவளைத் தூக்கிக்கொள்ளப் பார்த்தார். "விடுப்பா, உன்னைவிட நானே வேகம்" என்று ஓடினாள். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் மூச்சிரைக்க நின்றபோது, சுவரில் இருந்த வட்டத்தைப் பார்த்து, "ஒன்பதுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றாள். யாரும் எதையும் கழிக்கவில்லை.

மிஸ் சின்ன வயதுப் பெண். கண்டிப்பானவர், ஆனால் சிடுசிடுப்பு இல்லை. எங்கள் வீட்டுக் கதையை நான் சுருக்கமாகச் சொன்னதும், வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு முகத்தைச் சரி செய்துகொண்டு, "இருந்தாலும் நான் பார்த்துடறேன்" என்றார். அதுவும் நியாயம்தான்.

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் கடிகாரத்தை எடுத்து வைத்தார். அதற்கு இரண்டு கால்கள் இருந்தன.

முள்ளைத் திருப்பிப் பத்து பத்து வைத்தார். பட்டாணி பார்த்தாள். மேலே பார்த்தாள். உதடு முணுமுணுக்கத் தொடங்கியது. அவள் அப்பா என் கையைப் பிடித்து நசுக்கினார். வாயைத் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. பட்டாணி சட்டென்று உதட்டை இறுக்கி மூடினாள். கடிகாரத்தின் கால்களை ஒரு முறை முறைத்துப் பார்த்தாள்.

"பத்து மணி பத்து நிமிஷம்."

"சரி. இது?"

"நாலரை."

"இது?"

"பன்னெண்டே முக்கால்."

இன்னும் இரண்டு வைத்துக் கேட்டார். ஐந்தும் சரி. மிஸ் கடிகாரத்தை மறுபடி பத்து பத்துக்குத் திருப்பினார். "இது உங்க வீட்டுக் கால் வச்ச கடிகாரம்னா, மணி என்ன?"

"ஒன்பதே முக்கால்" என்றாள், கேட்டு முடிப்பதற்குள்.

மிஸ் என்னைப் பார்த்தார். "இவளை ஒண்ணாம் வகுப்புல உட்கார வைக்கிறதா? இந்தக் கழித்தல் இவ வகுப்புக்கே அடுத்த வருஷம்தாங்க." பிறகு பட்டாணியின் கன்னத்தைத் தட்டினார். "ஒன்பதே காலுக்கு முதல் மணி. இன்னைக்கு நீ அடிக்கிறியா? சரியா ஒன்பதே காலுக்கு, நீயே பார்த்து அடிக்கணும்."

தாழ்வாரத்தில் இரும்புத் தகடு தொங்கியது. பட்டாணி சுத்தியலைக் கையில் வாங்கிக்கொண்டு வட்டக் கடிகாரத்துக்கு எதிரே போய் நின்றாள். என்னைப் பார்த்து, "நீ போம்மா. உனக்கு நேரமாச்சு, ஒன்பது ஏழு" என்றாள். பேருந்து நிலையத்துக்கு அங்கிருந்து பத்து நிமிஷ நடை. கிளம்பினால் சரியாக இருக்கும். நான் அப்பால் போகிறவள் போலப் போய், வாசல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. முள் மூன்றைத் தொட்டதும் ஓங்கி அடித்தாள். பள்ளிக்கூடம் முழுவதும் என் மகள் சொன்ன மணிக்கு எழுந்து நடந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

நிலையத்துக்குள் நான் நுழைந்தபோது ஒன்பது இருபத்தைந்து. பதினோரு வருஷத்தில் முதல் முறை. விஷயம் எப்படித்தான் பரவியதோ, ஜன்னலுக்கு வெளியே காரணம் அண்ணன் தலைமையில் ஐந்தாறு டிரைவர்கள் கூடிவிட்டார்கள். ரெஜிஸ்டரைத் திறந்து எனக்கென்று ஒரு வரி எழுதினேன். வர வேண்டிய நேரம் ஒன்பது இருபது, வந்த நேரம் ஒன்பது இருபத்தைந்து, வித்தியாசம் ஐந்து.

"காரணம் எழுதணும்க்கா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் காரணம் அண்ணன்.

எழுதினேன்: "மகள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தாள். கேட்டுவிட்டு வந்தேன்."

கம்பி வழியாக எட்டிப் படித்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையை உள்ளே நீட்டி, என் சிவப்புப் பேனாவை எடுத்தார். வேறு நாளாக இருந்தால் அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பேன். ரெஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தேன். கோணல் மாணலான கையெழுத்தில், எழுத்தெழுத்தாக எழுதினார்:

ஏற்கப்பட்டது.